அப்பா பெயருக்கு வந்த அட்டை

நம் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன், நமக்குத்தான் இப்போது பாதி மறந்துபோகிறதே. தபாலில் வரும் கார்டின் முனையில் மஞ்சள் தடவியிருந்தால் கல்யாணம், காதுகுத்து. கறுப்பு மை தடவியிருந்தால் சாவு. எழுத்துக் கூட்டத் தெரியாதவர்கள்கூட இந்த இரண்டு நிறத்தையும் வாசித்துவிடுவார்கள். கறுப்புக் கார்டை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. வாசலில் நின்றே வாசித்து, கிழித்துப் போட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும்.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அப்படி ஒரு கார்டு ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தது. அதை வாசிக்கவும் முடியவில்லை, அதனால் கிழிக்கவும் முடியவில்லை. அது ஜப்பான் எழுத்தில் இருந்தது.

அப்பா ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். மில்லுக்குப் புது மிஷின்கள் ஜப்பானிலிருந்து வருவதாக இருந்தது. அவற்றைப் பூட்டிப் பிரிக்க ஓர் ஆள் அங்கேயே போய்ப் பழகி வரட்டும் என்று அப்பாவை நான்கு மாதத்துக்கு அனுப்பினார்கள். ஆவணிக் கடைசியில் போனார். அம்மாவுக்கு அப்போது ஐந்தாம் மாதம். எனக்குப் பிறகு பத்து வருஷம் கழித்து உண்டான பிள்ளை. அதற்கு முன்னால் இரண்டு தங்காமல் போயிருந்தன. அதனால் அம்மா அதிர்ந்து தும்மினால்கூட எனக்குப் பயமாக இருக்கும். நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமே இல்லை.

மிஷின் செய்கிற கம்பெனி பெரிய நகரத்தில் இல்லை. மலைக்கும் ஆற்றுக்கும் நடுவில் இருந்த ஒரு சின்ன ஊரில் இருந்தது. அதன் பெயர் எங்கள் தெருவில் யார் வாயிலும் நுழையவில்லை. நாங்கள் ‘அப்பா ஊர்’ என்றே சொன்னோம். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும், அதனால் கடிதங்களை நான்தான் உரக்க வாசிப்பேன். “மேற்கே பார்த்தால் நம்ம ஊர் மாதிரியே மலை. சஞ்சீவி மலையை நாலைந்து அடுக்கி வைத்தது போல இருக்கிறது. ஆனால் மேலே வெள்ளையாக இருக்கிறது. காலையில் கம்பெனிச் சங்கு ஊதுகிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ராஜபாளையம்தான்” என்று எழுதியிருந்தார்.

அங்கே ஒரு தாத்தாவும் பாட்டியும் இருந்த வீட்டில் அப்பாவைத் தங்க வைத்திருந்தார்கள். தாத்தா ரயில்வே கேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. அப்பாவுக்கு ஜப்பான் பாஷை தெரியாது. இரண்டு பேரும் கையைக் காலை ஆட்டியே இரண்டு மாதத்தை ஓட்டினார்கள். குளிர் தாங்காமல் அப்பா நடுங்கியதைப் பார்த்து, தாத்தா தன்னுடைய கறுப்புக் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டாராம். தக்காளி போலச் சிவந்த ஒரு பழத்தைத் தோல் சீவி, கயிற்றில் கட்டி, வீட்டு முகப்பில் வரிசையாகத் தொங்கவிட்டுக் காய வைப்பார்களாம். சாயங்காலம் அப்பாவும் தாத்தாவும் உட்கார்ந்து அதைச் சீவுவார்களாம். வேலை முடிந்ததும் தாத்தா அப்பாவைக் கையைப் பிடித்துப் பொதுக் குளியலறைக்குக் கூட்டிப்போவார். பெரிய தொட்டியில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர். ஊர் ஆண்கள் எல்லாரும் ஒட்டுத்துணி இல்லாமல் அதில் உட்கார்ந்திருப்பார்களாம்.

இந்த இடத்தை நான் வாசித்ததும் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். “அய்யய்யே! இதையெல்லாமா பிள்ளைக்கு எழுதுவாக? போதும்ட்டி, அடுத்த பக்கத்துக்குப் போ” என்றாள். பிறகு செத்த நேரம் கழித்து, “ஒங்கப்பாவும் உக்காந்தாகளாமா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நான் அப்பா ஊரை வரைந்து வைத்திருந்தேன். ரயில் நிலையம், ரயில்வே கேட், ஆறு, அதன் மேல் இரும்புப் பாலம், பாலத்தைத் தாண்டிக் குளியலறை, அதற்கு அடுத்து தாத்தா வீடு, ஊருக்கு வெளியே கதிரைக் கம்பில் தொங்கவிட்டுக் காய வைத்திருக்கும் வயல்கள், மேற்கே மலை. ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு வீடோ ஒரு மரமோ கூடும். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் தொலைந்துபோகிற நான், அப்பா ஊரில் கண்ணைக் கட்டி விட்டாலும் தாத்தா வீட்டுக்குப் போய்விடுவேன்.

ஐப்பசியில் மில் ஆபீசர் ஒருவர் அதே ஊருக்குப் போனார். அம்மா அவரிடம் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கொடுத்தனுப்பினாள். தாத்தாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டதாக அப்பா எழுதினார். கூடவே, நம் வீட்டு முகவரியைத் துண்டுத் தாள்களில் எழுதித் தாத்தா வீட்டில் கொடுத்திருப்பதாகவும், எடுத்த போட்டோக்களை அவர்கள் அனுப்புவார்கள் என்றும் எழுதினார். கார்த்திகை பிறந்ததும் கம்பெனி அவரை வேறொரு பெரிய ஊருக்கு மாற்றிவிட்டது. “தாத்தாவிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். கோட்டைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கவில்லை” என்று ஒரு வரி.

கார்த்திகை முடியப்போகிற சமயம். பள்ளிக்கூடம் விட்டு வருகிறேன், போஸ்ட்மேன் தெருமுனையிலேயே சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றார். எப்போதும் வாசலுக்கே வந்து மணி அடிப்பவர்.

“ஏ பாப்பா, வீட்டுல பெரியவிய யாரு இருக்காவ?”

“அம்மா மட்டுந்தான்.”

“அம்மா இப்பம் மாசமா இருக்காகல்ல?” என்று கேட்டவர், பையிலிருந்து எடுத்ததைக் கொடுக்கவா வேண்டாமா என்று கையிலேயே வைத்திருந்தார். “இத அம்மாட்டக் குடுக்காத. மாமன் கீமன் யாரும் இருந்தா அவியகிட்டக் குடு. உள்ள கொண்டு போயிராத தாயி.”

வழவழப்பான அட்டை. நான்கு ஓரமும் கறுப்புக் கரை. நம் ஊரில் ஒரு முனையில் தடவுவார்கள், இதில் சுற்றிலும் போட்டிருந்தது. மேலிருந்து கீழாக அச்சிட்ட ஜப்பான் எழுத்து. ஓரத்தில் பேனாவால் இரண்டு வரி. மறுபக்கம் ஒரு துண்டுத் தாளை ஒட்டியிருந்தார்கள். அதில் எங்கள் முகவரி, அப்பாவின் கையெழுத்தில்.

எனக்கு மூத்திரம் போய்விட்டது. நம் வயதில் இதைச் சொன்னால் என்ன குறைந்துவிடப் போகிறது? தெருவில் நின்றபடியே போய்விட்டது. அட்டையை வீட்டுக்குப் பின்னால் குளிக்கிற இடத்துச் சுவரில், செங்கல் பெயர்ந்த ஓட்டைக்குள் செருகினேன். அது வீட்டுக்குள் சேர்த்தியா வெளியே சேர்த்தியா என்று நெடுநேரம் யோசித்தேன். பிறகு உடுப்போடு தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டேன். அம்மா வந்து முதுகில் ஒன்று வைத்தாள். “சீக்கை இழுத்து வச்சா யாரு பாக்க? ஒங்கப்பா வந்து பாப்பாகளா?” என்றாள்.

அம்மாவின் அண்ணன் ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டு குமாஸ்தா. மாமாவுக்கு மனைவி மக்கள் இல்லை, நாங்கள்தான் எல்லாம். சனிக்கிழமை தோறும் அம்மா ஏதாவது சமைத்துத் தூக்குவாளியில் கொடுத்து என்னை பஸ்ஸில் ஏற்றிவிடுவாள். கண்டக்டரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கோபுரம் தெரிகிற நிறுத்தத்தில் இறக்கிவிடுவார். அந்தச் சனிக்கிழமை தூக்குவாளிக்கு அடியில் அட்டையை வைத்துக்கொண்டு போனேன்.

மாமா வீட்டு வாசலில் நின்றே வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி திருப்பினார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துப் போட்டுக்கொண்டும் பார்த்தார்.

“யாருகிட்டயும் சொன்னியாட்டி?”

“இல்ல மாமா. அப்பாவுக்கு என்ன மாமா?”

மாமா வாசல்படியில் உட்கார்ந்து, துண்டை வாயில் அமுக்கிக்கொண்டு அழுதார். பெரிய ஆள் ஒருவர் அப்படி அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. பிறகுதான் சொன்னார்: “பேறுகாலம் முடியட்டும். அதுவரைக்கும் ஒங்கம்மாளுக்கு மூச்சு விடப்படாது. மில்லுலயும் இதுக்காகத்தான் மூடி வச்சிருப்பாக. போயிக் கேட்டா, அடுத்த சங்கு ஊதுறதுக்குள்ள ஊரு பூராம் பரவிரும். ரெண்டு உசுருட்டி. நீயும் நானும் செமக்க வேண்டியதுதான்.”

இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அட்டை அப்பா பெயருக்கு வந்திருந்தது. செத்தவனுக்கே சாவு அட்டை போடுகிற ஊர் உலகத்தில் எங்காவது உண்டா? நாளெல்லாம் காகிதம் வாசித்தே சம்பளம் வாங்குகிற கோர்ட்டு குமாஸ்தாவுக்கு இது தோன்றவில்லை. வீட்டுக்கு வரும் தபால் எல்லாமே ஆம்பிளை பெயருக்குத்தான் வரும், அதனால் அந்தப் பெயரை யாரும் வாசிப்பதே இல்லை. மில்லில் ஒரு தந்தி அடிக்கச் சொல்லியிருந்தால் இரண்டு நாளில் தெரிந்திருக்கும். கறுப்பைக் கண்டவுடன் எங்கள் இருவருக்கும் கண் அவிந்துவிட்டது.

மார்கழி முழுக்க நான் அப்பாவைக் கொன்றுகொண்டே இருந்தேன். காலண்டர் தாளை விரித்து வைத்துக்கொண்டு, எங்கே போயிருப்பார் என்று தேடுவேன். ரயில்வே கேட்டிலா? இரும்புப் பாலத்தில் பனி வழுக்கியா? வெந்நீர்த் தொட்டியில் மயங்கியா? அவர் அந்த ஊரை விட்டுப் போய்விட்டார் என்பது தெரியும், ஆனால் போன ஊருக்கு என்னிடம் படம் இல்லை. அதனால் எனக்குத் தெரிந்த ஊரிலேயே சாகடித்தேன். அம்மா விடிகாலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து கோலம் போட்டுப் பூசணிப்பூ வைப்பாள். நான் பக்கத்தில் நின்று அவள் கழுத்தில் தொங்கும் தாலியையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

நடுவில் அப்பாவின் கடிதம் ஒன்று வந்தது. அப்பா தேதி போடுகிற வழக்கம் இல்லை. ‘வெள்ளிக்கிழமை’ என்று மட்டும் இருக்கும். ஜப்பானிலிருந்து கடிதம் வந்து சேரப் பத்து நாள், பதினைந்து நாள் ஆகும். எந்த வெள்ளிக்கிழமை? அட்டைக்கு முந்தினதா, பிந்தினதா? “நல்ல சுகம். தை மாதம் வந்துவிடுவேன்” என்று இருந்த வரியை எப்படி வாசித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அம்மா, “சளி புடிச்சிருக்காட்டி? குரலு ஏன் இப்படிக் கம்முது?” என்றாள்.

மாமா வாரம் இரண்டு தடவை வர ஆரம்பித்தார். வரும்போதெல்லாம் வாழையிலையில் மல்லிகைப்பூ. ஒரு தடவை கை நிறையக் கண்ணாடி வளையல்.

“என்னண்ணே, திடீர்னு பாசம் பொங்கிக் கரை பொரளுது?” என்று அம்மா சிரித்தாள். “இம்புட்டுப் பூவ ஒரு தலைல எங்கன வைக்க?”

“வையி தாயி. வச்சுக்கிட்டே இரு” என்று மாமா தரையைப் பார்த்துச் சொன்னார்.

அந்தப் பூ எதற்கு என்று எனக்குத் தெரியும். இனிமேல் வைக்க முடியாது என்பதற்காக. எனக்கு அந்த வாசனை இன்றைக்கும் ஆகாது. என் கல்யாணத்தன்றுகூட வாந்தி எடுத்தேன், பித்தம் என்றார்கள்.

மார்கழி பாதியில் இன்னொரு ஆபீசர் ஜப்பானுக்குப் போகிறார் என்று அம்மாவுக்குத் தெரிந்தது. இரண்டு கிலோ பால்கோவா வாங்கி வரச் சொல்லி என்னை மாமாவிடம் அனுப்பினாள். மாமாவும் நானும் கடையில் நின்றோம். உள்ளே வாணலியில் பால் சுண்டிக்கொண்டிருந்தது. கடைக்காரர், “யாருக்குங்க, வெளியூருக்கா? அப்படின்னா கெட்டியாக் கட்டித் தாரேன்” என்று கேட்டார். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான்தான் “எங்கப்பாவுக்கு” என்றேன். பஸ்ஸில் அந்தப் பொட்டலம் என் மடியில் சூடாக இருந்தது. அதை யார் சாப்பிடப் போகிறார்கள் என்று நினைத்து ராஜபாளையம் வரும்வரை அழுதேன். கண்டக்டர் டிக்கெட் காசு தொலைந்துவிட்டதோ என்று கேட்டார்.

பொங்கல் கழிந்த நான்காம் நாள். மத்தியானம் மூன்று மணி, மில் சங்கு ஊதி ஓய்ந்திருந்தது. தெருவில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தேன். முனையில் கறுப்புக் கோட்டு போட்ட ஒருவர் வந்தார், கையில் பெட்டி. அந்த வெயிலில் கோட்டு. முகம் வெளுத்து, மெலிந்து, அப்பா.

ஓடினேன். அப்பாவை நோக்கி அல்ல, வீட்டுக்குள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, “வந்துட்டாக, வந்துட்டாக, உள்ள விடாதம்மா!” என்று அலறினேன். அம்மா என்னைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தாள்.

“என்னம்மா இது, நாலு மாசத்துல பிள்ளைக்கு நான் பேயாத் தெரியுதேன்?” என்று அப்பா சிரித்தார். சிரித்தாரே தவிர, அவருக்கு மனசு விட்டுப்போனது. அவர் வாங்கி வந்திருந்த பொம்மையை என் கையில் கொடுக்கவில்லை, தின்பண்டத்தோடு சேர்த்து அலமாரியில் வைத்தார். ‘என் பிள்ளைக்கு என்னை அடையாளம் தெரியவில்லை’ என்று பலரிடம் பல வருஷம் சொல்லியிருக்கிறார். உண்மையைச் சொல்ல எனக்கு வாய் இல்லை.

சாயங்காலம் மாமா வந்தார். அப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ‘மச்சானுக்கு என்ன ஆச்சு?’ என்று அப்பா திகைத்தார். பிறகு மாமா என்னைப் பின்பக்கம் கூட்டிப்போய், “அந்தச் சனியனக் கிழிச்சுப் போடு. மூச்சுக் காட்டாத. உசுரோட இருக்கவரு கையில சாவு அட்டையக் குடுக்கலாமா? ஆயுசக் கொறைச்சிரும்” என்றார். எவனோ முகவரித் தாளை மாற்றி ஒட்டியிருக்கிறான் என்று தீர்த்துவிட்டார். பத்தாம் நாள் தம்பி பிறந்தான். எல்லாம் சுபம் என்றுதான் நாங்கள் இருவரும் நினைத்தோம்.

நான் கிழிக்கவில்லை. வாசிக்காத சாவுக் கார்டைக் கிழித்தால் அந்தச் சாவு நம் வீட்டிலேயே தங்கிவிடும் என்று எனக்கு ஒரு எண்ணம். யாரும் சொல்லவில்லை, நானே உண்டாக்கிக்கொண்டது. சுவர் ஓட்டையிலிருந்து தகர டப்பாவுக்கு, டப்பாவிலிருந்து கல்யாணப் பெட்டிக்கு என்று அது என்னோடு வந்தது. காலண்டர் தாளை அம்மா வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டாள்.

அப்பா ஒவ்வொரு ஜனவரிக்கும் தாத்தாவுக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்புவார். பதில் வராது. மூன்றாம் வருஷம் தம்பியின் போட்டோவை வைத்து அனுப்பினார். பதில் இல்லை. ஏழெட்டு வருஷம் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார். “இருந்த வரைக்குந்தான் ஒறவு. கண்ணு மறைஞ்சா மறந்துருதாங்க” என்பார். அந்தக் கறுப்புக் கோட்டை மடித்துப் பரணில் போட்டவர், பிறகு அதைத் தொடவே இல்லை.

அம்மாவும் மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அப்பாவுக்கு எண்பத்தாறு. ராஜபாளையத்தில் அதே பழைய வீட்டில் என்னோடுதான் இருக்கிறார். போன மாதம் தம்பி வந்திருந்தான். வெளிநாட்டு மருந்துப் பெட்டி ஒன்றின்மேல் போனைக் காட்டினான். எழுத்தெல்லாம் தமிழாக மாறி வந்தது. “எந்த பாஷையும் வாசிக்கும்க்கா” என்றான். எனக்கு அந்த அட்டை ஞாபகம் வந்தது. அன்று மத்தியானம் எல்லாரும் படுத்த பிறகு, கல்யாணப் பெட்டியைத் திறந்து அட்டையின்மேல் அவன் போனைப் பிடித்தேன். எழுத்துகள் வந்து வந்து அழிந்தன.

“துக்கத்தில் இருப்பதால் புத்தாண்டு வாழ்த்துச் சொல்ல இயலாது. என் கணவர் நவம்பர் மாதம் எண்பத்தொரு வயதில் காலமானார். அவர் வாழ்ந்தபோது காட்டிய அன்புக்கு நன்றி.” ஓரத்தில் பேனாவால் எழுதிய இரண்டு வரியும் அரைகுறையாக வந்தது. “பால் இனிப்பு, கடைசித் துண்டு, அவர் படத்தின் முன் வைத்தேன்.”

அந்த அட்டையில் ஒரு சாவு இருக்கத்தான் செய்தது. எங்கள் வீட்டுச் சாவு இல்லை என்று தெரிந்ததும், சாவே இல்லை என்று முடிவு கட்டிவிட்டோம், பாவிகள்.

சொல்லாமலே விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் அல்லாடினேன். எண்பத்தாறு வயசுக்காரரிடம் சொல்லி ஏதாவது ஆகிவிட்டால்? மறுபடி அதே பயம், அதே பத்து வயது. மூன்றாம் நாள் காலையில் சொல்லிவிட்டேன், தெருவில் நனைந்ததிலிருந்து கதவைச் சாத்தியது வரை.

அப்பா அட்டையை வாங்கி முதலில் திருப்பி முகவரியைப் பார்த்தார். தன் கையெழுத்தைத் தடவினார்.

“எம் பேருக்குத்தானட்டி வந்திருக்கு” என்றார்.

அட்டையை மறுபடி திருப்பிக் கறுப்புக் கரையைப் பார்த்தார்.

“அந்த மனுசன் மறந்துட்டாருன்னு நாப்பது வருசமா மனசுக்குள்ள ஏசிக்கிட்டு இருந்தேனே. பாவம்ட்டி.” கண் நிறைந்துவிட்டது அவருக்கு. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, “அதான் அன்னைக்கு அந்த ஓட்டம் ஓடுனியா?” என்று கேட்டார். தலையாட்டினேன். என் தலையில் கையை வைத்தார்.

“தலைக்கு ஊத்தணும். தண்ணி வையி.”

“பச்சத் தண்ணி ஒங்களுக்கு ஆகாதுப்பா.”

“வெந்நியே வையி. கொதிக்கக் கொதிக்க வையி. அவரு அப்படித்தான் குளிப்பாரு.”

பின்பக்கம் முக்காலியில் உட்காரவைத்து ஊற்றினேன். சூடு தாங்காமல் தோள் சிவந்தது, போதும் என்று அவர் சொல்லவில்லை. துவட்டிக்கொண்டு வேட்டி மாற்றியதும் அட்டையைக் கேட்டு வாங்கினார். இரண்டாகக் கிழித்தார், அடுக்கி வைத்து நான்காகக் கிழித்தார், என் கையில் கொடுத்தார்.

“வெளிய போட்டுட்டு வா” என்றார். “பரண்ல அந்தக் கோட்டு கெடக்கும். எறக்கி வெயில்ல போடு.”